முகூர்த்த நேரத்தில் படம் நிற்காமல் இருக்க: கல்யாண நேரலைக்கு வீடியோ செட்டிங்ஸ் வைக்கும் முறை

கெட்டிமேளம் கொட்டுகிறது. மண்டபத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் எழுந்து நிற்கிறார்கள். நாலு பக்கமும் அட்சதை பறக்கிறது. சரியாக அதே நேரத்தில், டொரண்டோவில் இரவு 10 மணிக்குக் கண் விழித்து உட்கார்ந்திருக்கும் மணப்பெண்ணின் அக்கா கையில் இருக்கும் போனில் வட்டம் சுத்துகிறது. மறுபடி படம் வரும்போது தாலி கட்டி முடிந்து, மாப்பிள்ளைக்கு எல்லாரும் கை கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நான் நேரலை செய்த மூன்றாவது கல்யாணத்தில் நடந்தது இது. அந்த அக்கா நிறைமாதக் கர்ப்பிணி, அதனால் ஊருக்கு வர முடியவில்லை. பதிவை மறுநாள் அனுப்பினோம், பார்த்தார். ஆனாலும் தங்கை கழுத்தில் தாலி ஏறுவதை அந்த நொடியிலேயே பார்ப்பது வேறு, மறுநாள் பார்ப்பது வேறு. அன்றைக்குக் கேமராவில் குறை இல்லை. நெட்டும் முழுசாகப் போகவில்லை. நான் வைத்திருந்த செட்டிங்ஸ்தான் தப்பு: 1080பி, 6000 பிட்ரேட். காலை 5 மணிக்குக் காலி மண்டபத்தில் சோதித்தபோது அது தடங்கலே இல்லாமல் ஓடியது.

லேப்டாப், ஒரு கேமரா, ஓபிஎஸ் ஸ்டுடியோ (நேரலை அனுப்பும் மென்பொருள்), ஒரு யூடியூப் சேனல் இவற்றை வைத்துக்கொண்டு முதல் முறையாகக் கல்யாணமோ கும்பாபிஷேகமோ கச்சேரியோ நேரலை செய்யப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். காலி மண்டபத்தை மனதில் வைத்து செட்டிங்ஸ் போடாதீர்கள். தாலி ஏறும் அந்த இரண்டு நிமிஷத்தை மனதில் வைத்துப் போடுங்கள். கீழே வரும் ஒவ்வொரு எண்ணும் அந்தக் கணக்கில்தான் வருகிறது.

அந்த இரண்டு நிமிஷத்தில் என்ன நடக்கிறது

பிட்ரேட் என்பது ஒரு நொடி வீடியோவுக்கு இவ்வளவுதான் என்று நாம் அளந்து கொடுக்கும் டேட்டா. 2500 என்று வைத்தால் நொடிக்கு 2500 கிலோபிட், அதாவது 2.5 எம்பிபிஎஸ். ரெசல்யூஷன் என்பது அந்த டேட்டாவை எத்தனை புள்ளிகளுக்குப் பங்கிட வேண்டும் என்பது. 720பி படத்தில் 9.2 லட்சம் புள்ளிகள். 1080பி படத்தில் 20.7 லட்சம், அதாவது இரண்டேகால் மடங்கு. பந்தியில் இலை கூடினால் அதே அண்டா சாம்பார் ஒவ்வொரு இலைக்கும் குறைவாகத்தான் விழும். 2500 பிட்ரேட்டை வைத்துக்கொண்டு 1080பி காட்ட நினைத்தால் எல்லா இலையிலும் அரைக் கரண்டிதான். அதே 2500-ஐ 720பி-க்குக் கொடுத்தால் படம் நிறைவாக இருக்கும்.

அடுத்து, என்கோடர், அதாவது வீடியோவைச் சுருக்கிக் கொடுக்கும் பகுதி, வேலை செய்யும் விதம். அது ஒவ்வொரு ஃபிரேமையும் (வீடியோவில் அடுத்தடுத்து வரும் தனித்தனிப் படம்) முழுசாக அனுப்புவதில்லை. முந்தைய ஃபிரேமிலிருந்து எது மாறியதோ அதை மட்டும் அனுப்புகிறது. மணமேடைக்குப் பின்னால் இருக்கும் பூ அலங்காரம் ஒரு மணி நேரமானாலும் அப்படியேதான் இருக்கும். ஐயர் கை அசைக்கிறார், மாப்பிள்ளை குனிகிறார், அவ்வளவுதான் மாற்றம். அதற்கு 1500 பிட்ரேட்டே தாராளம். ஹோமப் புகை கிளம்பினால் கொஞ்சம் கூடுதல் தேவைப்படும், ஏனென்றால் புகை ஒரு ஃபிரேமில் இருந்த மாதிரி அடுத்த ஃபிரேமில் இருக்காது. அட்சதை பறக்கும்போதோ படம் முழுக்க ஆயிரக்கணக்கான மஞ்சள் புள்ளிகள் திசைக்கு ஒன்றாகப் போகின்றன. பின்னால் நூறு கைகள் தூக்கியிருக்கின்றன. பழைய ஃபிரேமிலிருந்து எடுத்துக்கொள்ள எதுவுமே இல்லை. அப்போது என்கோடருக்கு டேட்டா போதாமல் போய், முகங்கள் கட்டம் கட்டமாக உடைகின்றன.

அதே நொடியில் மண்டபத்தில் இருக்கும் முந்நூறு பேரும் போனைத் தூக்குகிறார்கள். ஒருவர் துபாய்க்கு வீடியோ கால், ஒருவர் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ், ஒருவர் அவர் பங்குக்கு ஃபேஸ்புக் லைவ். எல்லாமே அப்லோடு, எல்லாமே அதே டவர், அதே வைஃபை. நமக்கு அதிகமாகத் தேவைப்படும் நேரமும் நமக்குக் குறைவாகக் கிடைக்கும் நேரமும் ஒன்றாக வந்து நிற்கின்றன. காலை 5 மணி சோதனையில் 14 எம்பிபிஎஸ் காட்டிய அதே இணைப்பு, முகூர்த்தத்தின்போது 3.5-க்கு இறங்கியிருந்தது. அதன் வழியாக 6 எம்பிபிஎஸ் எப்படிப் போகும்?

முதல் வேலை: அப்லோடை அளந்து வையுங்கள்

மண்டபத்துக்காரரிடம் கேட்டால் “100 எம்பிபிஎஸ் இருக்கு சார்” என்பார். அது டவுன்லோடு. நமக்கு வேண்டியது அப்லோடு. ஃபைபர் இணைப்பில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கலாம். 4ஜி சிம்மில் டவுன்லோடு 40 காட்டினாலும் அப்லோடு 5-ஐத் தாண்டாத இடங்கள் நிறைய.

ஸ்பீடு டெஸ்ட் ஓட்டுங்கள், ஆனால் அது காட்டும் எண்ணை அப்படியே நம்பாதீர்கள். ஸ்பீடு டெஸ்ட் பொதுவாக ஒரே நேரத்தில் பல இணைப்புகளைத் திறந்து, சில நொடிகள் மட்டும் முழு வேகத்தில் தள்ளிப் பார்க்கிறது. நம் நேரலையோ ஒரே இணைப்பில் மூன்று மணி நேரம் சீராகப் போக வேண்டும். ஐந்து நிமிஷ இடைவெளியில் ஆறேழு தடவை ஓட்டி எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். அதில் மிகக் குறைந்த எண் எதுவோ அதுதான் உங்கள் எண். சராசரி போடாதீர்கள். சராசரியில் ஓடும் நேரலை, சரிவு வரும்போது நின்றுவிடும்.

அந்தக் குறைந்த எண்ணில் பாதியை மட்டும் வீடியோவுக்குக் கொடுங்கள். 5 வந்தால் 2500. மீதிப் பாதி வீணாகப் போகவில்லை, அட்சதை நேரத்துக்கான இருப்பு அது.

சிம் டேட்டாவை நம்பி இறங்கினால் இன்னொரு கணக்கும் போட வேண்டும். 2500 வீடியோவும் 128 ஆடியோவும் சேர்ந்தால் மணிக்கு ஏறத்தாழ 1.2 ஜிபி ஆகும். 4000 என்றால் 1.86 ஜிபி. தினம் 2 ஜிபி பிளான் போட்ட சிம்மில் 2500 பிட்ரேட்டில் காலை 6 மணிக்கு ஆரம்பித்தால், 7.40-க்கு டேட்டா தீர்ந்துவிடும். முகூர்த்தம் 7.30-லிருந்து 9 என்றால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பெரும்பாலான பிளான்களில் அதற்குப் பிறகு வேகம் 64 கேபிபிஎஸ்-க்கு இறங்கிவிடும், அதில் ஆடியோகூடப் போகாது. முதல் நாளே கூடுதல் டேட்டா பேக் போட்டு வையுங்கள். முகூர்த்தத்துக்குக் கால் மணி முன்னால் பேக் போட ஓடியவர்களை நான் பார்த்திருக்கிறேன், ஓடிபி வரவில்லை.

மண்டபத்தில் ஃபைபர் இருந்தால் வைஃபையை விட்டுவிட்டு ரவுட்டரிலிருந்து நேராக லேன் கேபிள் இழுங்கள். 20 மீட்டர் கேபிள் ஒன்று பையில் எப்போதும் இருக்கட்டும். மேனேஜரிடம் ஒரு வார்த்தை: “அண்ணே, காலைல 9 மணி வரைக்கும் வைஃபை பாஸ்வேர்டு யாருக்கும் குடுக்காதீங்க.” பக்குவமாகக் கேட்டால் யாரும் மறுப்பதில்லை. ரவுட்டருக்கு ஒரு சின்ன யுபிஎஸ் இருப்பதும் அவசியம். கரன்ட் போய் ஜெனரேட்டர் எடுக்கப் பத்து நொடிதான் ஆகும், ஆனால் அணைந்த ரவுட்டர் திரும்ப நெட் பிடிக்க இரண்டு நிமிஷம் எடுக்கும்.

ரெசல்யூஷனும் பிட்ரேட்டும்

நான் பயன்படுத்தும் அளவுகள் இவை. இடது பக்கம் நீங்கள் அளந்த மிகக் குறைந்த அப்லோடு.

2 எம்பிபிஎஸ்: 480பி, பிட்ரேட் 1000
3 எம்பிபிஎஸ்: 480பி, 1500
5 எம்பிபிஎஸ்: 720பி, 2500
8 எம்பிபிஎஸ்: 720பி, 4000
12 எம்பிபிஎஸ்: 1080பி, 6000
20-க்கு மேல்: 1080பி, 10000

யூடியூப் தன் உதவிப் பக்கத்தில் எச்.264 (பரவலாகப் பயன்படும் வீடியோ சுருக்க முறை) என்கோடருக்கு, நொடிக்கு 30 ஃபிரேமில், 720பி என்றால் 4 எம்பிபிஎஸ், 1080பி என்றால் 10 எம்பிபிஎஸ் என்று பரிந்துரைக்கிறது. நம் மண்டபங்களில் அது எப்போதும் கிடைப்பதில்லை. 720பி-க்கு 2500 கொடுத்தால் பரிந்துரையை விடக் குறைவுதான், ஆனால் பெரும்பகுதி நேரம் அசையாமல் இருக்கும் மணமேடைக் காட்சிக்கு அது நன்றாகவே ஓடுகிறது.

வாடிக்கையாளர் “ஃபுல் எச்டி வேணும்” என்று கேட்பார். அவர் கேட்பதில் தப்பில்லை. பட்டுப்புடவையின் ஜரிகை தெரிய வேண்டும், நகை தெரிய வேண்டும் என்று நினைக்கிறார். அவரிடம் உள்ளதைச் சொல்லுங்கள்: ஜரிகை தெரியும் வீடியோ கேமராவின் மெமரி கார்டில் முழுத் தரத்தில் பதிவாகிறது, ஆல்பத்தோடு கைக்கு வரும். நேரலை என்பது வர முடியாதவர்களுக்காக. அவர்களில் முக்கால்வாசிப் பேர் போனில்தான் பார்க்கிறார்கள். கையளவுத் திரையில் நல்ல 720பி-க்கும் 1080பி-க்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம், ஆனால் வட்டம் சுத்தினால் எண்பது வயதுப் பாட்டிக்கும் தெரிந்துவிடும். டேட்டா இல்லாமல் 1080பி வைப்பதை விட, டேட்டா நிறைந்த 720பி எப்போதும் பார்க்க நன்றாக இருக்கும். இதை நான் இரண்டு லேப்டாப்பைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓட்டிப் பார்த்திருக்கிறேன். அசையாத காட்சியில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன. அட்சதை விழுந்ததும் 1080பி உடைந்தது, 720பி தாங்கியது.

“கிராமத்துல இருக்கறவங்களுக்கு நெட் ஸ்லோவா இருக்குமே, அவங்களுக்காக இன்னும் குறைக்கணுமா?” என்று சிலர் கேட்பார்கள். யூடியூபைப் பொறுத்தவரை வேண்டாம். நாம் அனுப்பும் ஒரு தரத்திலிருந்து மற்ற குறைந்த தரங்களை யூடியூபே தயார் செய்துகொள்கிறது. பார்ப்பவரின் நெட்டுக்குத் தகுந்தபடி 360பி, 240பி என்று அவர் போனில் தானாக இறங்கும். நீங்கள் கவலைப்பட வேண்டியது உங்கள் லேப்டாப்பிலிருந்து யூடியூப் வரை இருக்கும் வழியைப் பற்றி மட்டுமே.

ஃபிரேம் ரேட்: நம் ஊரில் 25

கேமராவில் பால், என்டிஎஸ்சி என்று இரண்டு முறை இருக்கும். நம் நாட்டில் கரன்ட் 50 ஹெர்ட்ஸ். மண்டபத்து விளக்குகள் பல அந்தக் கணக்கில்தான் துடிக்கின்றன, கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். கேமராவை 30 ஃபிரேமில், ஷட்டர் 1/60-இல் வைத்தால் டியூப்லைட்டும் சீரியல் பல்பும் படத்தில் பட்டை பட்டையாக ஓடும். பால் முறையில் 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 வையுங்கள், பட்டை நின்றுவிடும். மேடை எல்இடி விளக்குகள் சில வேறு வேகத்தில் துடிக்கும், அதற்கு ஷட்டரை மட்டும் 1/100 மாற்றிப் பாருங்கள்.

ஓபிஎஸ்-இலும் 25 பால் என்றே வையுங்கள். கேமராவில் 25, ஓபிஎஸ்-இல் 30 என்று இருந்தால் நொடிக்கு ஐந்து ஃபிரேம் இரட்டிப்பாகி, கேமரா திரும்பும்போது லேசாகத் தட்டித் தட்டிப் போகும். தவிர, 25 வைத்தால் அதே பிட்ரேட் குறைந்த ஃபிரேம்களுக்குப் பங்காகிறது, ஒவ்வொரு ஃபிரேமும் கொஞ்சம் கூடுதல் தெளிவு. 50, 60 எல்லாம் கபடிக்கும் ஜல்லிக்கட்டுக்கும் இருக்கட்டும்.

ஓபிஎஸ்-இல் எங்கே என்ன வைப்பது

செட்டிங்ஸ் திறந்து முதலில் வீடியோ பகுதிக்குப் போங்கள். பேஸ் ரெசல்யூஷன் கேமரா கொடுப்பதைப் போல 1920x1080 இருக்கட்டும். அவுட்புட் ரெசல்யூஷன் 1280x720. டவுன்ஸ்கேல் ஃபில்டர் லான்சோஸ், லேப்டாப் பழசாக இருந்தால் பைக்யூபிக். எஃப்பிஎஸ் 25 பால்.

அப்புறம் அவுட்புட் பகுதி. மேலே இருக்கும் அவுட்புட் மோடை அட்வான்ஸ்டு என்று மாற்றினால்தான் எல்லாம் தெரியும்.

என்கோடர்: லேப்டாப்பில் என்விடியா கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் அதன் எச்.264 என்கோடர். இன்டெல் மட்டும் என்றால் குயிக்சிங்க். இரண்டும் இல்லையென்றால் எக்ஸ்264, அதில் பிரீசெட் வெரிஃபாஸ்ட். அதைவிட மெதுவான பிரீசெட் வைத்தால் தரம் கொஞ்சம் கூடும், ஆனால் மே மாத மண்டபச் சூட்டில் லேப்டாப் திணறும்.

ரேட் கன்ட்ரோல்: சிபிஆர். அதாவது நொடிக்கு நொடி ஒரே அளவு. விபிஆர் வைத்தால் அசையாத நேரத்தில் குறைவாகவும் அட்சதை நேரத்தில் திடீரென்று அதிகமாகவும் தள்ளும். நெட் குறையும் அதே நேரத்தில் டேட்டா கூடும் என்பதால் அது நமக்கு ஆகாது.

பிட்ரேட்: மேலே பார்த்து எடுத்த எண்.

கீஃபிரேம் இன்டர்வல்: 2 நொடி. இது 0 என்று இருந்தால் தானியங்கி என்று அர்த்தம், அப்படி விட்டுவிடாதீர்கள். முழுப் படத்தையும் இத்தனை நொடிக்கு ஒருமுறை புதிதாக அனுப்பு என்பதுதான் இது. யூடியூப் கேட்பதும் 2 நொடிதான், 4 நொடியைத் தாண்டக் கூடாது.

கடைசியாக அட்வான்ஸ்டு பகுதியில், நெட் நெருக்கடியில் பிட்ரேட்டைத் தானாகக் குறைத்துக்கொள்ளும் ‘டைனமிக்’ தேர்வு ஒன்று இருக்கும். அதை டிக் செய்யுங்கள். நெட் இறங்கும்போது ஃபிரேம்களைக் கீழே போடுவதற்குப் பதில் தரத்தைத் தற்காலிகமாகக் குறைத்துச் சமாளிக்கும். படம் கொஞ்சம் மங்கும், நிற்காது.

சத்தத்தை விட்டுவிடாதீர்கள்

தலைப்பு வீடியோ பற்றியது என்றாலும் இதைச் சொல்லாமல் போக மனமில்லை. படம் மங்கினால் பார்ப்பவர்கள் பொறுத்துக்கொள்வார்கள், மந்திரம் கரகரவென்று வந்தால் மூடிவிட்டுப் போய்விடுவார்கள். ஆடியோவுக்கு 128 போதும். வீடியோவின் பிட்ரேட்டைக் குறைக்க வேண்டி வந்தாலும் இதைத் தொடாதீர்கள், மிச்சமாவது சொற்பம்தான்.

அளவு வைப்பதுதான் கஷ்டம். ஐயர் மைக்கில் மந்திரம் சொல்லும்போது சரியாக வைத்த அளவு, நாதஸ்வரமும் தவிலும் கெட்டிமேளத்தில் சேரும்போது சிவப்பைத் தாண்டி வெடிக்கும். அதனால் மேளக்காரர்கள் வாசித்துப் பார்க்கும்போது, அவர்கள் உச்சத்தில் இருக்கையில் ஓபிஎஸ் மீட்டர் மஞ்சளில் நிற்கும்படி வையுங்கள். மீட்டரில் -20-லிருந்து -9 வரை மஞ்சள், அதற்கு மேல் சிவப்பு. பாதுகாப்புக்கு, சத்தம் ஓர் அளவைத் தாண்டாமல் தடுக்கும் லிமிட்டர் ஃபில்டரும் போடுங்கள். மைக்செட்காரரின் மிக்ஸரிலிருந்து லைன் எடுத்தால் அதை லேப்டாப்பின் மைக் துளையில் நேராகக் குத்தாதீர்கள், யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் வழியாகக் கொடுங்கள். ஒரு காதில் மட்டும் சத்தம் வந்தால் அட்வான்ஸ்டு ஆடியோ ப்ராப்பர்ட்டீஸில் மோனோவை டிக் செய்தால் சரியாகிவிடும்.

கேப்சர் கார்டு (கேமராப் படத்தை லேப்டாப்புக்குள் கொண்டுவரும் கருவி) வழியாக வரும் படம் சத்தத்தை விடச் சற்றுப் பிந்தி வரும். கேமரா முன் நின்று ஒருமுறை கை தட்டி, பதிவு செய்து பாருங்கள். கைகள் சேர்வதற்கு முன்பே சத்தம் கேட்டால் சிங்க் ஆஃப்செட்டில் 100 மில்லிநொடியில் ஆரம்பித்துக் கூட்டிக்கொண்டே வாருங்கள்.

யூடியூப் பக்கம்

சேனலில் முதல் முறை நேரலையை இயக்கினால் அனுமதி வர 24 மணி நேரம் வரை ஆகலாம். கல்யாணத்தன்று காலையில் ஆரம்பிக்கிற வேலையில்லை, ஒரு வாரம் முன்பே செய்து வையுங்கள். லேப்டாப் இல்லாமல் போனிலிருந்தே யூடியூப் ஆப்பில் லைவ் போக வேண்டுமென்றால் சேனலுக்குக் குறைந்தது 50 சந்தாதாரர்கள் வேண்டும்.

லேட்டன்சி (பார்ப்பவருக்குப் படம் போய்ச் சேரும் தாமதம்) என்ற இடத்தில் நார்மல் என்று வையுங்கள். லோ, அல்ட்ரா லோ எல்லாம் பார்ப்பவரோடு உடனுக்குடன் பேச வேண்டியவர்களுக்கு. நார்மலில் பார்ப்பவரின் போனில் சில நொடிப் படம் கூடுதலாகச் சேர்ந்திருக்கும், நம் பக்கம் ஒரு சின்னத் தடங்கல் வந்தாலும் அவருக்குத் தெரியாமலே கடந்துபோகும். தாலி கட்டுவதை இருபது நொடி தாமதமாகப் பார்த்தால் அவருக்கு நஷ்டமில்லை.

ஆட்டோ ஸ்டாப்பை நிறுத்தி வையுங்கள். இது மிக முக்கியம். அது இயங்கிக்கொண்டிருந்தால் நெட் போன கொஞ்ச நேரத்தில் யூடியூப் நிகழ்ச்சியையே முடித்துவிடும், அப்புறம் புது லிங்க் எடுத்து நூறு பேருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். நிறுத்தி வைத்திருந்தால், நெட் வந்ததும் அதே ஸ்ட்ரீம் கீயில் (ஓபிஎஸ்-ஐ யூடியூபோடு இணைக்கும் குறியீடு) ஓபிஎஸ் இணைந்துகொள்ளும், லிங்க் மாறாது.

நாதஸ்வரத்திலோ ரிசப்ஷன் மெல்லிசையிலோ சினிமாப் பாட்டு ஓடினால் காப்புரிமைச் சோதனையில் மாட்டலாம், நேரலைப் படத்தை மறைத்து அறிவிப்புப் படம் வரவும் வாய்ப்பு உண்டு. ஸ்பீக்கரில் ரெக்கார்டு பாட்டு ஓடும் நேரத்தில் ஆடியோவைக் குறைத்துவிடுவது நல்லது.

முதல் நாள் ரிசப்ஷனிலேயே ஒத்திகை

நம் ஊர்க் கல்யாணங்களில் நமக்குக் கிடைக்கும் பெரிய வசதி இது. முதல் நாள் மாலையே பல வீடுகளில் வரவேற்பு வைக்கிறார்கள். அதே மண்டபம், அதே நெட், கிட்டத்தட்ட அதே கூட்டம், அதே போன்கள். ரிசப்ஷனை நேரலை செய்யச் சொல்லாவிட்டாலும், அன்லிஸ்டட் (லிங்க் உள்ளவர் மட்டும் பார்க்கும்படி) என்று ஒரு சோதனை நேரலை வைத்து இரவு 7.30-லிருந்து 8.30 வரை ஓட்டுங்கள். கூட்டம் உச்சத்தில் இருக்கும் அந்த ஒரு மணி நேரம் தாங்கினால் காலையில் அனேகமாகத் தாங்கும். தாங்காவிட்டால் ராத்திரி முழுக்க நேரம் இருக்கிறது: இன்னொரு கம்பெனி சிம் வாங்கலாம், ரவுட்டரை ஜன்னலோரம் மாற்றலாம், 720-லிருந்து 480-க்கு இறங்கலாம்.

ஓடும்போது எதைப் பார்ப்பது

ஓபிஎஸ்-இல் டாக்ஸ் மெனுவில் ஸ்டாட்ஸ் என்று ஒரு பலகை உண்டு. அதைத் திறந்தே வைத்திருங்கள். அதில் மூன்று வரிகள் முக்கியம். நெட்வொர்க் காரணமாக ‘டிராப்டு’ ஃபிரேம்கள் கூடினால் நெட் போதவில்லை. ‘என்கோடிங் லேக்’ கூடினால் லேப்டாப்பின் என்கோடர் திணறுகிறது. ‘ரெண்டரிங் லேக்’ கூடினால் கிராஃபிக்ஸ் திணறுகிறது. இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரியாமல் பலர் நெட்டைத் திட்டிக்கொண்டே இருப்பார்கள், லேப்டாப்போ சார்ஜர் கழன்று பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்கும்.

லேப்டாப் திணறினால்: சார்ஜரைப் பாருங்கள், மூடாமல் விட்ட பிரவுசரை மூடுங்கள், பக்கத்தில் ஒரு டேபிள் ஃபேன் வையுங்கள். நெட் திணறினால்: டிராப் 1 சதவீதத்துக்குள் இருக்கும்வரை ஒன்றும் செய்ய வேண்டாம். ஏறிக்கொண்டே போனால் முடிவெடுக்க வேண்டும். ஸ்ட்ரீம் ஓடும்போது ரெசல்யூஷனை மாற்ற முடியாது, நிறுத்தி, மாற்றி, திரும்ப ஆரம்பிக்க வேண்டும். ஆட்டோ ஸ்டாப் இல்லாததால் லிங்க் அப்படியே இருக்கும், அரை நிமிஷ வேலை. ஆனால் அந்த அரை நிமிஷத்தை எப்போது எடுப்பது என்பதை ஐயரைப் பார்த்து முடிவு செய்யுங்கள். மணப்பெண் கூறைப்புடவை மாற்றிக்கொள்ள உள்ளே போகும் நேரம்தான் தோதானது. அவர் திரும்பி மேடையில் உட்கார்ந்துவிட்டால் அதற்கப்புறம் எதையும் தொடாதீர்கள்.

இன்னொன்று, வெளிநாட்டில் பார்க்கும் உறவினர் ஒருவரை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஓபிஎஸ் திரையில் நீங்கள் பார்ப்பது லேப்டாப்பை விட்டுக் கிளம்பாத படம், அது எப்போதும் அழகாகத்தான் இருக்கும். போய்ச் சேர்ந்த படம் எப்படி இருக்கிறது என்று அவர்தான் சொல்ல முடியும். “நல்லா இருக்கா?” என்று கேட்காதீர்கள், எல்லாரும் “சூப்பர்” என்றுதான் அனுப்புவார்கள். ஐயர் சொல்லும் மந்திரம் கேட்கிறதா, அவர் வாயசைவும் சத்தமும் ஒத்துப்போகிறதா, கடைசிப் பத்து நிமிஷத்தில் எத்தனை தடவை வட்டம் சுத்தியது என்று கேளுங்கள். முகூர்த்தத்துக்கு இருபது நிமிஷம் முன்னால் ஒரு தடவை, பத்து நிமிஷம் முன்னால் ஒரு தடவை.